நிதான ரசிகரின் கோட்டுப் பை

பர்கண்டிப் பக்கத்துக் கால்வாய்களில் நாரை உண்டு, நீர்க்கோழி உண்டு, தூண்டிலில் சிக்கினாலும் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாத ஒரு வகை மீனும் உண்டு. இவை தவிர, வசந்தத்தில் தோன்றிக் குளிர் வந்ததும் எங்காவது ஒரு படகுத்துறையில் ஒடுங்கிக்கொள்ளும் இன்னொரு உயிரினமும் உண்டு. அது இரும்புப் படகில் குடியிருக்கும். மனிதன் நடப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாக நகரும். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் பிறந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்று, அந்தப் பணத்தில் படகு வாங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கும். தூரத்தில் ஒரு பழைய கோபுரம் தெரிந்தால் போதும், படகைக் கரையில் கட்டிவிட்டு இறங்கிவிடும்.

இதற்கு நிதான ரசிகர் என்று பெயர்.

பெயர் நாம் வைத்தது. அவரைக் கேட்டால், "நாங்க சுற்றுலாக்காரங்க இல்ல. இங்க வாழறவங்க" என்பார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவரை அடையாளம் காண்பது எளிது. கோடையிலும் கோட்டுப் போட்டிருப்பார். அந்தக் கோட்டின் பைகளில் தொலைநோக்கி, கைவிளக்கு, தடித்த புத்தகம் ஒன்று, காகிதத்தில் சுற்றிய பாதி ரொட்டி எல்லாம் இருக்கும். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்க வந்த இடத்தில் ஒருவர் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்? கேட்கக் கூடாது. பிறகு தூண் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டுக்குச் சினை பார்க்கிற வைத்தியரைப் போல ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பார். கடைசியில் கண் திறந்து, மேலே பார்த்து, "இது பின்னால சேர்த்தது" என்பார். ஜன்னலைப் பார்த்தும் சொல்வார், பலிபீடத்தைப் பார்த்தும் சொல்வார். குடும்பப் படம் ஒன்றைக் காட்டும்போது மருமகனைப் பற்றியும் ஒரு தடவை அப்படிச் சொன்னதாகக் கேள்வி.

அவருக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. சொகுசுப் பேருந்தில் வந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஏறிப் போகிறவர்கள் ஒரு வகை. ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தலையில் மாலுமித் தொப்பியும் தோளில் வெயில் கொப்புளமுமாகக் கரையில் மோதிக்கொண்டே போகிறவர்கள் இன்னொரு வகை. "பத்து நிமிஷத்துல என்னத்தப் பாக்க முடியும்?" என்று கேட்பார். அவர் அரை நாள் பார்க்கிறார். அந்த அரை நாளில் பெரும்பகுதி சாவி தேடுவதில் போய்விடும் என்பது வேறு விஷயம்.

சாவி என்பது இங்கே பெரிய விஷயம். கிராமத்துத் தேவாலயங்கள் பூட்டித்தான் கிடக்கும். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: சாவி எதிர்வீட்டில், அல்லது ரொட்டிக்கடையில், அல்லது முடிவெட்டுகிறவரிடம். ரொட்டிக்கடைக்குப் போனால் வாரவிடுமுறை. முடிவெட்டுகிறவர் சாவியைத் தன் மைத்துனியிடம் கொடுத்திருப்பார். மைத்துனி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இந்த நாட்டில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மதகு திறக்காது, கடை திறக்காது, கதவும் திறக்காது. நிதான ரசிகர் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. கிடைக்காத சாவிகூடப் பண்பாடுதான் அவருக்கு. அருங்காட்சியகம் மூடியிருக்கிற நாளில்தான் அவர் அருங்காட்சியகத்துக்குப் போவார். மூடிய கதவின் முன்னால் நின்று உள்ளே இருப்பதைப் பற்றி விளக்குவார். கேட்டவர்கள் யாரும் திறந்திருக்கிற நாளில் திரும்பப் போனதாகத் தெரியவில்லை.

மெதுவாகப் போகிறவனுக்குத்தான் ஆழம் தெரியும் என்பது அவர் கொள்கை. இதைப் பற்றி நத்தையிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

லயனல் காப், யார்க்ஷயர்க்காரர், உதவித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படகு பழைய டச்சுப் படகு. அதன் பெயருக்கு அந்த மொழியில் பொறுமை என்று பொருள். பொறுமை கால்வாயின் அகலத்தைவிட நீளமானது. வழியில் திருப்ப முடியாது, மோர்வில் என்ற ஊரிலிருப்பது மாதிரிப் பெரிய படகுத்துறைக்குப் போனால்தான் மூக்கை மாற்ற முடியும். மனைவி டோரீன் ஊரில் பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணத்தின்போதே இந்த இரண்டு தொழில்களையும் யாராவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

படகு வாழ்க்கையில் டோரீன் பார்த்த தேவாலயங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். லயனல் சொன்னதையும் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவளாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்று.

ஒரு ரொட்டிக்கடையில் வாங்கிய பட அட்டையில்தான் முதலில் அதைக் கண்டாள். அந்த மோர்வில் என்ற சிறு நகரத்து நாடகக் கொட்டகையின் பழைய திரைச்சீலை. பாட்டன் காலத்தில் யாரோ வரைந்தது. கால்வாய், ஒரு படகு, படகில் துணி காயப்போடுகிற ஒரு பெண். துணி நைந்துவிட்டதால் திரையை வருஷம் முழுவதும் சுருட்டி வைத்திருப்பார்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மட்டும் இறக்கிக் காட்டுவார்கள். டோரீன் அந்த அட்டையை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தாள். அதில் அந்தப் பெண்ணின் முகம் ஒரு பயறு அளவுதான் இருந்தது. ஆனாலும் அவள் புன்னகைப்பது போலத் தெரிந்தது. வாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறிய ஒரு விநோதப் புன்னகை.

லயனலுக்கு அந்தப் புன்னகையைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. "அது ஏத்துக்கிட்டவளோட சிரிப்பு, கண்ணு. ஓடற தண்ணி, அன்றாட வேலை, அதுக்குள்ள ஒரு நிறைவு. ஓவியன் அதைப் பிடிச்சிருக்கான் பாரு."

"துணி காயப்போடறப்ப யாரு சிரிப்பா?" என்றாள் டோரீன்.

"நீ இன்னும் நிதானமாப் பாக்கணும்."

அவள் நிதானமாகத்தான் பார்த்தாள். தினமும் உருளைக்கிழங்கு வேகும் நேரமெல்லாம் பார்த்தாள். ஈரப் போர்வையைக் காற்றில் பிடித்துக்கொண்டு, படகின் புகைபோக்கியிலிருந்து வருகிற புகையைச் சபித்துக்கொண்டு, எதிரே வருகிற வாடகைப் படகு மோதிக் கரையில் கட்டிய கயிற்றை அறுத்துவிடுமோ என்று பயந்துகொண்டு துணி காயப்போடுகிற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? ஒன்று, அவளுக்குத் தெரிந்த ஏதோ ரகசியம் தனக்குத் தெரியவில்லை. இல்லாவிட்டால் லயனல் சொல்வது தப்பு. இரண்டில் எது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

போன செப்டம்பரில் அந்தச் சனிக்கிழமை வந்தபோது அவர்கள் ஒரு மடாலயத்தின் இடிந்த புறாக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில் ஒரு சாவிக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு தடவையும் லயனல், "அதனால என்ன? திரை அடுத்த வருஷமும் இருக்கும்" என்றார். நூல் நைந்துபோன துணியைப் பற்றி எவ்வளவு நம்பிக்கை!

இந்த வருஷம் டோரீன் பழைய உத்தியோகத்தை நினைவுபடுத்திக்கொண்டாள். சனிக்கிழமை மாலை மோர்வில்லில் இருக்க வேண்டும் என்று நிச்சயம் செய்து, மதகு மதகாகக் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை சவ்ரே கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் சோலாங்ஜிடம் அதற்கு முன்பே சொல்லிவைத்தாயிற்று. இங்கே அதுதான் முறை. எந்த நாள், எந்த வேளை கிளம்புவோம் என்று சொல்லிவிட்டால், மதகுக்காரி தன் ஸ்கூட்டரில் கரையோரம் கூடவே வருவாள். ஒவ்வொரு மதகிலும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, படகை ஒரு மாடி உயரம் கீழே இறக்கி, முன்கதவைத் திறந்துவிட்டு அடுத்த மதகுக்குப் போவாள். ஒரு படகு சொல்லிவிட்டால் அன்றைக்கு அவள் அந்தப் படகுக்குக் கட்டுப்பட்டவள்.

"காலைலயா, மத்தியானமா, மதாம்?" என்று வெள்ளிக்கிழமை மாலை வந்து கேட்டாள் சோலாங்ஜ். அவள் எப்போதும் டோரீனிடம்தான் கேட்பாள். லயனலின் பிரெஞ்சு இலக்கண சுத்தமானது. அதனால் கால்வாய்க்கரையில் யாருக்கும் புரியாது.

"காலைல" என்றாள் டோரீன்.

"மத்தியானம்" என்றார் லயனல். "இங்க ஒரு சின்னக் கோயில் இருக்கு, கண்ணு. தூண் தலையில ஒரு கழுதை யாழ் வாசிக்குது. ஒரே ஒரு கழுதை. அதப் பாத்துட்டுக் கிளம்பிடலாம்."

டோரீன் மனசுக்குள் அட்டவணையை ஓட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை முடிந்ததும் கிளம்பினால், மட்டுமட்டாகப் போய்விடலாம். கழுதைக்குச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை கழுதையைப் பார்க்கப் போனார்கள். சாவி எதிரே நீலக் கதவு வீட்டில், மதாம் ஜோஸெத்திடம் இருந்தது. முழங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி. யாரும் மறந்து எடுத்துக்கொண்டு போய்விடாதபடி அதில் ஒரு விறகுக்கட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள் அந்த அம்மா. கொடுக்கும்போது, "மத்தியானம் கல்யாணம் இருக்கு மிஸ்யே. பாத்துட்டு உடனே கொண்டாந்து குடுத்துடுங்க" என்றாள். லயனல் கண்கள் மின்ன அவளுக்குத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "ர-வை எப்படி உருட்டறா பாத்தியா? இந்தப் பள்ளத்தாக்குல மட்டும்தான் அந்த உச்சரிப்பு மிச்சமிருக்கு" என்றார். அவள் பேசியதை அவர் கேட்டார். சொன்னதைக் கேட்கவில்லை.

கழுதையைப் பார்த்தார்கள். டோரீனுக்கு அந்தக் கழுதையைப் பிடித்திருந்தது. சங்கீதம் வராத முகம் அதற்கு. பார்த்து முடித்துப் படகில் சமையல் இருக்கிறது என்று அவள் கிளம்பினாள். லயனல் இன்னும் கொஞ்ச நேரம் கழுதையோடு தனியாக இருந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நீலக் கதவுக்கு வந்தபோது மத்தியான மணி அடித்துவிட்டது. உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? பேருந்தில் வந்தவன் என்ன செய்வான்? கதவைத் தட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, முறைப்பை வாங்கிக்கொண்டு போவான். நிதான ரசிகர் அப்படிச் செய்ய மாட்டார். சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்வது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியும். இங்கேயே பிறந்தவர்களைவிட நன்றாகத் தெரியும். சாவியைக் கோட்டுப் பையில், ரொட்டிக்கும் புத்தகத்துக்கும் நடுவே வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் கொடுக்கலாம். படகுக்கு வந்தார். கழுதையைப் பற்றி டோரீனிடம் பேசத் தொடங்கினார். சூப்பு முடிந்தது, பாலாடைக்கட்டி முடிந்தது, கழுதை முடியவில்லை. சோலாங்ஜின் ஸ்கூட்டர் ஒலி எழுப்பியது. பொறுமை கிளம்பிவிட்டது.

மூன்றாவது மதகில், படகு உள்ளே நுழைந்து, தண்ணீர் முழுக்க வடிந்து, இரண்டு பக்கமும் பாசி படிந்த கல்சுவர் எழும்பி நின்ற நேரத்தில், மேலே கரையில் சோலாங்ஜின் கைபேசி அடித்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சுவர் விளிம்பில் வந்து குனிந்து பார்த்தாள்.

"மிஸ்யே லயனல், உங்க கிட்ட சவ்ரே கோயில் சாவி இருக்கா?"

"சாவியா?" என்றார் லயனல். கோட்டைத் தடவினார். தொலைநோக்கி வந்தது. ரொட்டி வந்தது. அதன் பின்னால் விறகுக்கட்டை வந்தது.

"கல்யாணப் பொண்ணு வாசல்ல நிக்கறா" என்றாள் சோலாங்ஜ்.

"பாதிரியார் கிட்ட இன்னொரு சாவி இருக்குமே" என்று டோரீன் மெல்லக் கேட்டாள்.

"அவருக்குப் பதினெட்டு ஊர், மதாம். இன்னொரு சாவி எந்த ஊர்ல இருக்குன்னு அவருக்கே தெரியாது. அவரும் இப்ப வாசல்லதான் நிக்கறாரு."

லயனல் அமைதி இழக்கவில்லை. படகைத் திருப்பிப் போய்த் தாமே நேரில் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். படகு திரும்ப மோர்வில் வரை போக வேண்டும் என்று டோரீன் ஞாபகப்படுத்தினாள். அப்படியானால் மோர்வில் போய்த் திரும்பி நாளைக்கு வந்துவிடலாம் என்றார். ஒரு நல்ல மன்னிப்புக் கடிதத்துக்கும் அப்போது நேரம் கிடைக்கும். மேலே சோலாங்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் டோரீன் கவனித்தாள்: சோலாங்ஜின் பச்சை வேலைச் சட்டைக்குள்ளிருந்து பூப்போட்ட பட்டு ரவிக்கையின் கழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காதில் முத்து.

"யாரு கல்யாணம் சோலாங்ஜ்?"

"என் அக்கா பொண்ணு மரீஸுக்கு."

"நீ போகலயா?"

"நீங்கதான் சனிக்கிழமை கிளம்பணும்னு முன்னாடியே சொல்லிட்டீங்களே, மதாம். படகு வந்தா நான் இருந்தாகணும். சாவியக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன். உங்க திரைக்கு நேரமாகாது."

டோரீன் மேலே பார்த்தாள். செவ்வகமாக ஒரு துண்டு வானம், அதன் ஓரத்தில் ஒரு முத்துத்தோடு. மூன்று செப்டம்பர். இந்தத் தடவை அட்டவணை சரியாகத்தான் இருந்தது. அதை அவள் ஒருநாளும் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஓடியெல்லாம் வர வேண்டாம்" என்றாள். "இந்தப் படகு இன்னைக்கு இங்கயே நிக்குது. நாங்களே நிக்கறோம்னு சொன்னா நீ கட்டுப்பட வேண்டாம் இல்ல? கல்யாணத்துல இரு. சாப்பிடு. ஆடு."

"அப்ப உங்க திரை?"

"அதனால என்ன? அடுத்த வருஷமும் இருக்கும்."

லயனல் அவளை மெச்சிப் பார்த்தார். கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தார். டோரீன் அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, துணிக்கொடிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மதகுச் சுவரில் பதித்த வழுக்கும் இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினாள். விறகுக்கட்டை ஒவ்வொரு படியிலும் மார்பில் இடித்தது.

"நீ எங்க போற?"

"யாராவது மன்னிப்புக் கேக்கணும் இல்ல?"

"அப்ப நான் இங்க..." என்று சொல்ல வந்த லயனல் நிறுத்திவிட்டார். ஏணிக்குப் பக்கத்தில், பாசிக்குக் கீழே, கல்லில் ஏதோ கீறல். கைவிளக்கை எடுத்தார். கொத்தனின் அடையாளக் குறி! இன்னொன்று! அவர் முகம் மலர்ந்தது. அந்தச் சுவரில் எத்தனை கல் உண்டோ அத்தனை கல்லும் அவருக்கு இருந்தது.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து டோரீன் திரும்பிப் போன வழி, மத்தியானம் முழுவதும் அவர்கள் மிதந்து வந்த வழிதான். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

தேவாலய வாசலில் ஊரே நின்றது. மணமகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லறை மதில்மேல் உட்கார்ந்து யாரோ கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். மதாம் ஜோஸெத் கட்டையைப் பிடித்துச் சாவியை வாங்கினாள். டோரீனின் கழுத்தும் கூடவே போயிற்று.

"இந்தக் கட்டைய எதுக்குக் கட்டி வச்சிருக்கேன் தெரியுமா? ஒரு முட்டாள்கூட மறந்து எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு."

"அவர் முட்டாள் இல்ல மதாம்" என்றாள் டோரீன், கணவனுக்குச் செய்ய வேண்டிய கடமையாக. "படிச்சவர்."

"அப்ப இந்தக் கட்டை பத்தாது."

டோரீன் மணமகளிடம் போய்ப் பேக்கரியிலும் காய்கறிச் சந்தையிலும் கற்ற பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். மரீஸ் வாயிலிருந்ததை விழுங்கினாள். "பரவால்ல மதாம். யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைச்சுது. நல்லா யோசிச்சுப் பாத்தேன். கட்டிக்கலாம்னுதான் தோணுது."

கட்டிக்கொண்டாள். கழுதை யாழ் வாசிக்கிற தூணுக்குக் கீழேதான் டோரீன் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கழுதையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது அவர்கள் வீட்டுக் கழுதை.

வெளியே வந்ததும் கார்களில் வெள்ளை வலைத்துணி கட்ட ஆரம்பித்தார்கள். டோரீன் சோலாங்ஜிடம் விடை பெற்றுக்கொண்டு, நடந்தே படகுக்குப் போவதாகச் சொன்னாள்.

"எதுக்கு நடக்கணும்? ஏறுங்க."

"வேண்டாம்மா. நீங்க விருந்துக்குப் போறீங்க."

"விருந்து எங்கன்னு நினைச்சீங்க?" என்றாள் சோலாங்ஜ். "இந்த ஊர்ல எங்க இடம் இருக்கு? மோர்வில்லதான்."

டோரீன் கார்க் கதவைத் திறந்தாள். ஏறிக்கொண்டாள்.

கல்யாண ஊர்வலம் இங்கே எப்படிப் போகும் என்று கேட்டால், காது உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகிற கார் ஒலிப்பானை அமுக்கினால் பின்னால் வருகிற அத்தனை காரும் அமுக்கும். அடுத்த ஊர் வரை யாரும் கையை எடுக்க மாட்டார்கள். சாலை அந்த மூன்றாவது மதகை ஒட்டிய பாலத்தைக் கடந்துதான் போகிறது. டோரீன் ஜன்னலை இறக்கிக் கீழே பார்த்தாள். ஆழத்தில், ஈரச் சுவரை ஒட்டி, ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் புத்தகமுமாக லயனல் நின்றுகொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் தலையைத் தூக்கினார். வலைத்துணி, ரிப்பன், ஜன்னல்களிலிருந்து ஆடுகிற கைகள். அதில் ஒன்று தம் மனைவியின் கை என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் உதடுகள் அசைவதை டோரீன் பார்த்தாள். சத்தம் கேட்காவிட்டாலும் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்.

"சுற்றுலாக்காரங்க."

"அவர் படகை எப்படி வெளிய எடுப்பாரு?" என்றாள் சோலாங்ஜ், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. "நான் விருந்து முடிச்சு வரணும்னா..."

"நாளைக்குக் காலைல திறந்துக்கலாம்" என்றாள் டோரீன். "அவர் நிதானமானவர்."

நாடகக் கொட்டகையின் காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். பட்டு ரவிக்கைக்காரியும், தோளில் கல்யாண ரிப்பனும் மார்பில் பாசியுமாக ஒரு வெளிநாட்டுக்காரியும் ஓடி வருவதைப் பார்த்ததும் திறந்துவிட்டான். "பத்து நிமிஷந்தான்" என்றான்.

திரை இறங்கியிருந்தது. அட்டையில் பயறு அளவு இருந்த முகம் இங்கே ஒரு தட்டு அளவு இருந்தது. டோரீன் முன்வரிசை வரை நடந்து போய், தலையை அண்ணாந்து பார்த்தாள். முதலில் படகைப் பார்த்தாள், பிறகு ஈரப் போர்வையை, பிறகு அதைப் பிடித்திருந்த கைகளை. கடைசியாகத்தான் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பல்லுக்கு நடுவே, வாயின் ஒரு ஓரமாக, துணிக்குப் போடும் மரக் கிளிப்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் போர்வை இருந்தால் வேறெங்கே வைப்பது?

டோரீனுக்குத்தான் சிரிப்பு வந்தது. காலியான கொட்டகையில் அது கொஞ்சம் பலமாகவே கேட்டது. "என்ன மதாம்?" என்றாள் சோலாங்ஜ். டோரீன் கையை நீட்டிக் காட்டினாள். சோலாங்ஜ் பார்த்தாள். "ஆமா, கிளிப்பு" என்றாள், அதில் என்ன இருக்கிறது என்பது போல. பிறகு இருவரும் விருந்துக்குப் போனார்கள். டோரீன் மரீஸின் தாய்மாமனோடு ஆடினாள்.

மறுநாள் பகலில் பொறுமை, டோரீன் காத்திருந்த மோர்வில் துறைக்கு வந்து சேர்ந்தது. லயனல் புத்துணர்ச்சியோடு இருந்தார். மதகுச் சுவரைப் போல ஒரு அனுபவம் தமக்கு எந்தப் பேராலயத்திலும் கிடைத்ததில்லை என்றார். "நீ திரையப் பாத்துட்டியாமே?" என்று கேட்டார். "ம்" என்று டோரீன் வாயைத் திறப்பதற்குள், "அந்தச் சிரிப்பு நேர்ல இன்னும் ஆழமா இருந்திருக்கும்" என்றார்.

அதற்கு மேல் என்ன சொல்வது? சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டோரீன் யோசித்துப் பார்த்தாள். அந்தக் கிளிப்பு பரம்பரையாக அந்தத் திரையில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. யாரும் மறைத்து வைக்கவில்லை. போய்ப் பார்க்கிற யாருக்கும் தெரியும். போகாதவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று மாலை பக்கத்துப் படகு டச்சுக்காரர் யாப், திராட்சை மதுவும் உப்புக் கடலையுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லயனல் அவருக்குத் திரைச்சீலையை விளக்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற தண்ணீர், அன்றாட வேலை, ஏற்றுக்கொண்டவளின் நிறைவு.

"நீ நேர்ல பாத்தியாப்பா?" என்று கேட்டார் யாப்.

"பாக்கறதுன்னா என்ன அர்த்தத்துல கேக்கற?" என்றார் லயனல். "பத்து நிமிஷம் போய் முன்னாடி நிக்கறதையா?"

"ஏன் டோரீன், நீதானே போனே? சொல்லேன், அந்தச் சிரிப்பு எப்படி இருந்துச்சு?"

டோரீன் படகின் பின்பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஈரப் போர்வை. வாயில் கிளிப்பு. பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் பார்த்தாள்.

"பாரு, பாரு" என்றார் லயனல், குரலைத் தாழ்த்தி. "அதே சிரிப்பு."

இவ்வளவு நேரம் இதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும்" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் மகிழ்ச்சி. எல்லாருக்கும் ஒருவரைத் தெரியும். அவசரப்படாமல், வரி வரியாக, நிதானமாகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறவராக இருந்தால் மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள். எழுந்திருக்கும்போது சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்கோ ஒரு வாசலில் யாரோ காத்துக்கொண்டு நிற்கலாம்.